சூரியன் இல்லாத விடியற்படம்: ப்ரோமோ எரிமலையில் இரண்டு காலைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கேட்கப்பட்ட வேலை

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக நாங்கள் நடத்தும் படப்பிடிப்பு நிலையத்துக்கு வரும் வேலைகளில் பத்துக்கு ஒன்பது கலியாணமும் பூப்புனித நீராட்டு விழாவுமாகவே இருக்கும். அதனால், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து விடுதியொன்றைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், வரவேற்பு மண்டபத்துச் சுவருக்கு 12 அடி அகலமும் நாலரை அடி உயரமும் கொண்ட ஒரே படம் வேண்டும், அது விடியும் வேளையில் புகைந்துகொண்டிருக்கும் எரிமலையாக இருக்க வேண்டும் என்று கேட்டபோது, இணையத்தில் விலைக்கு வாங்கித் தருகிறோம் என்றுதான் முதலில் சொன்னோம். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்கித் தொங்கவிடுறதெண்டால் நானே வாங்குவன், உங்களிட்டை ஏன் வாறன்?" என்று கேட்டுவிட்டு, இருவருக்கான பயணச் செலவைத் தானே ஏற்பதாகவும் சொன்னார்.

இலங்கையில் எரிமலை கிடையாது. வன்னியிலோ மலை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லை. ஆகவே இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவிலுள்ள ப்ரோமோவைத் தெரிவுசெய்தோம். அங்கே நான்கு இரவுகள் தங்கிப் படம் பிடித்தோம். அவற்றுள் இரண்டு காலைகள் முகிலால் மூடுண்டு போயின. எஞ்சிய இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியான தெளிந்த காலைகள். கமராவும் லென்ஸுகளும் ஆட்களும் அதே. ஆனால் முதற்காலையில் எடுத்த 612 படங்களில் சுவருக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லை; கடைசிக் காலையில் எடுத்த 148 படங்களிலிருந்து வேலை முடிந்தது. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிவிடலாம்தான்; ஆனால் கோப்புகளை நேர ஒழுங்கில் அடுக்கிப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை.

அளவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. சில மீற்றர் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகள் போதும் என்று கணக்கிட்டாலும், 12 அடிக்கு 14,400 புள்ளிகள் வேண்டும். எங்கள் கமராவின் 24 மெகாபிக்சல் படமோ நீளவாக்கில் 6,000 புள்ளிகள்தான். கமராவை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு படமும் அடுத்ததோடு மூன்றிலொரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்து படங்களை எடுத்து ஒட்டினால் 14,600 புள்ளிகளுக்குச் சற்று மேல் வரும். அதாவது ஒரு படம் சரியாக அமைந்தால் போதாது. ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நேரத்தில் அடுத்தடுத்து ஐந்து படங்கள் ஒன்றுபோல அமைய வேண்டும். பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் இந்தக் கணக்கே அடிப்படை.

இரணைமடுக் கட்டில் ஆறு வாரம்

புறப்படுவதற்கு முன் ஆறு வாரம், வேலை இல்லாத காலைகளில் எல்லாம் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனோம். கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால், அதை மறித்த கட்டு குளத்தின் வடபுறத்தில் இருக்கிறது. கட்டில் நிற்பவர் தெற்கே தண்ணீரைப் பார்க்கிறார், சூரியன் அவருடைய இடக்கைப் பக்கமாக எழுகிறது. ப்ரோமோவின் புகழ்பெற்ற நோக்குமேடையான பெனஞ்சகானும் அந்த எரிமலையைச் சூழ்ந்த பெருங்குழியின் வடபுற விளிம்பில்தான் இருக்கிறது. அங்கு நிற்பவரும் தெற்கேதான் பார்க்கிறார். இது போதாதென்று, இரணைமடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 பாகையிலும் ப்ரோமோ தெற்கே சுமார் 8 பாகையிலும் இருப்பதால், ஆடி முற்பகுதியில் இரண்டு இடங்களிலும் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே விலகித்தான் எழும். வரைபடத்தை வைத்து இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது: கடல் கடந்து போய்ச் செய்ய வேண்டிய வேலைக்கு வீட்டிலிருந்து அரை மணித்தியாலத்தில் ஒத்திகை மேடை கிடைத்துவிட்டது.

அங்கே நாங்கள் கற்ற முதற்பாடம், சூரியனைப் பார்த்துக் கமராவைத் திருப்பாதே என்பது. சூரியன் படத்துக்குள் வந்தால் கரையும் மரங்களும் கருத்துப் போகும். அவற்றைத் தூக்கினால் வானம் வெளிறிப் போகும். மாறாகத் தெற்கே பார்த்தால், இடப்பக்கமிருந்து சாய்ந்து வரும் ஒளி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வெளிச்சப் பக்கத்தையும் ஒரு நிழற்பக்கத்தையும் கொடுக்கிறது. ஒரு பட்டமரம்கூட உருண்டு திரண்டு நிற்கிறது. சோளகக் காற்று தண்ணீரை அலைக்கழித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், உதயத்துக்கு 25 நிமிடம் முன்னிருந்து 12 நிமிடம் பின்வரைதான் பயனுள்ள படங்கள் விழுகின்றன என்பதையும் குறித்துக்கொண்டோம். இரண்டாம் பாடம், வானத்தை மட்டும் மங்கலாக்கும் பாதிக்கறுப்பு வடிகண்ணாடி. அதன் கறுப்பு விளிம்பை நீரும் வானும் சந்திக்கும் கோட்டில் வைத்துவிட்டால் இரண்டும் சமமாக வந்துவிடும். இந்த இரண்டாம் பாடம் எங்களைக் கைவிட்டது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இடம்

ப்ரோமோ என்பது பிரம்மாவின் ஜாவா உச்சரிப்பு. அதன் பின்னால் நிற்கும் செமேருவின் பெயரில் இருப்பது நம்முடைய மேருவேதான். அதன் உச்சியை அவர்கள் மகாமேரு என்றே அழைக்கிறார்கள். பழைய பெரும் எரிமலையொன்று இடிந்து அமிழ்ந்ததால் உண்டான தெங்கர் பெருங்குழிக்குள், கடல் என்றே அவர்கள் பெயரிட்ட சாம்பல் மணல்வெளி பரந்து கிடக்கிறது. அதன் நடுவே 2,329 மீற்றர் உயரமான ப்ரோமோ வாய்பிளந்து புகைகிறது. அதற்கு முன்னால், நோக்குமேடையிலிருந்து பார்க்க வலப்புறமாக, பத்தோக் என்ற அணைந்த கூம்பு நிற்கிறது. மழைநீர் அரித்த அதன் பக்கங்கள் சேலைக் கொசுவம்போல மேலிருந்து கீழ்வரை மடிப்பு மடிப்பாக இறங்குகின்றன. வடிவம் அழகாக இருப்பதால் முதன்முறை வருபவர்கள் பலரும் அதையே ப்ரோமோ என்று நினைத்துவிடுகிறார்கள். என்னுடன் வந்த தம்பியும் முதல் அரை மணித்தியாலம் அதற்கே குவியம் வைத்துக்கொண்டிருந்தார். இவற்றுக்கெல்லாம் பின்னே, மேடையிலிருந்து 20 கிலோமீற்றருக்கு அப்பால், ஜாவாவின் அதியுயர் சிகரமான செமேரு 3,676 மீற்றரில் நிற்கிறது. 2021 மார்கழியில் ஊர்களைச் சாம்பலால் மூடிய மலை அதுதான்.

அங்கு வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். மணல்வெளியில் மலையடிவாரத்தில் அவர்களுடைய கோயில் இருக்கிறது. கசாடா விழாவில் விளைபொருட்களையும் கோழிகளையும் ப்ரோமோவின் வாய்க்குள் எறிந்து நேர்த்தி செலுத்துகிறார்கள். எங்களை ஏற்றிச் சென்ற ஜீப் சாரதியும் அவர்களில் ஒருவர். அவரை மாஸ் என்று அழைக்கப் பழகிக்கொண்டோம். நம் ஊர் அண்ணைக்கு நிகரான சொல் அது.

முதற்காலை

விடியப்புறம் மூன்றரைக்குப் புறப்பட்ட எங்கள் ஜீப், மலைப்பாதையில் முன்னும் பின்னும் வரிசையாக நின்ற ஜீப்புகளுக்கிடையில் அகப்பட்டு, நாலே காலுக்குத்தான் 2,770 மீற்றர் உயரத்திலுள்ள மேடைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. குளிர் நாங்கள் நினைத்ததைவிட மோசம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி வளர்ந்த எங்களுக்கு, ஆடியில் புல்லின் நுனி வெண்மையாக உறையும் ஓரிடத்தை எதிர்கொள்ளத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த தேநீர்க் கடைக்குள் ஓடிப்போய் அடுப்பருகே உட்கார்ந்தோம். உட்கார்ந்த கையோடு, நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பையைத் திறந்து லென்ஸைக் கமராவில் பூட்டினோம்.

அன்றைய தோல்வியின் முதற்கண்ணி இதுதான். திறந்த ஜீப்பில் முக்கால் மணித்தியாலம் குளிர்ந்து கிடந்த கண்ணாடிமீது, கேத்தலிலிருந்து எழுந்த ஆவி நிறைந்த சூட்டுக்காற்று பட்டதும் அது முற்றாகப் பூத்துப்போயிற்று. வெட்கம் என்னவென்றால், இது எங்களுக்குத் தெரியாத விஷயமே அல்ல. குளிரூட்டிய அறையில் மணப்பெண் அலங்காரத்தைப் பிடித்துவிட்டு நேரே வெளிப் பந்தலுக்கு வந்தால் லென்ஸ் பூத்துப்போகும் என்பதும், கமராவைப் பையோடு பத்து நிமிடம் முன்னதாகவே வெளியே வைத்துவிட வேண்டும் என்பதும் கிளிநொச்சியில் கலியாணப் படம் பிடிக்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். குளிர்நாட்டில் அது நடக்காது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். வெளியே வந்ததும் தம்பி தன் கழுத்துத் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். ஈரம் இழுபட்டுப் பிசுபிசுத்தது. அது தெளிய இருபது நிமிடம் பிடித்தது. அந்த இருபது நிமிடத்தில்தான் வானம் கருநீலத்திலிருந்து ஊதாவாகி, மணல்வெளியில் படிந்திருந்த மூடுபனி வெளிப்படத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது கண்ணி, நின்ற இடம். பிந்திப் போனதால் தெற்குக் கம்பிவேலியோரம் கால்வைக்க இடமில்லை. சனம் நெருக்கித் தள்ளிய பக்கம் கிழக்கு. அங்கே முக்காலியை விரித்ததும், ஆறு வாரம் பழகிய பாடம் ஆறு நிமிடத்தில் மறந்துபோயிற்று. நூற்றுக்கணக்கான கைகள் தொலைபேசிகளோடு அடிவானத்தை நோக்கி உயரும்போது, நாமும் அங்கேதான் ஏதோ நடக்கப்போகிறது என்று நம்பத் தொடங்குகிறோம். 612 படங்களில் 430 படங்கள் சூரியனைப் பார்த்தவை. அவற்றில் ஒரு செம்மஞ்சள் வட்டமும் அதன்கீழ் கரிய கோடுகளும் இருக்கின்றன. அது ஜாவாவா முல்லைத்தீவுக் கடற்கரையா என்று சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

உதயத்துக்குப் பின் சனம் கலைந்து தெற்கு வேலியோரம் இடம் கிடைத்தபோது, அகலக்கோண லென்ஸைப் போட்டோம். இது சமதரையில் வளர்ந்தவன் செய்யும் பிழை. வயலும் குளமும் படம் பிடிக்கும்போது, அகன்ற நிலத்தைக் காட்ட அகன்ற லென்ஸ் என்பதே எங்கள் வழக்கம். ஆனால் 16 மில்லிமீற்றரில் மூன்று மலைகளும் ஒட்டுசுட்டான் காட்டோரத்துக் கறையான் புற்றுகள்போலச் சுருங்கிவிட்டன. பாதிக்கறுப்பு வடிகண்ணாடியோ இன்னும் கெடுத்தது. இரணைமடுவில் அடிவானம் நூல் பிடித்த கோடு. இங்கே செமேருவின் உச்சி அந்தக் கோட்டுக்கு மேலே வானத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வானத்தை மங்கலாக்கிய கறுப்பு, அப்போதுதான் ஒளிபட்டுச் சிவந்த சிகரத்தையும் சேர்த்து மங்கலாக்கி, தீயணைந்த விறகுபோல ஆக்கிவிட்டது. நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டிருந்ததால், கமரா எஞ்சியிருந்த சிவப்பையும் பிழையென்று கருதித் திருத்திக்கொண்டே வந்தது. கமரா கண்டதைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் றோ கோப்பாக எடுத்தால் அதைப் பின்னர் மீட்கலாம். ஆனால் படங்கள் கூடிவிட்டன என்று சேமிப்பு அட்டையில் இடம் பார்த்து, நாங்கள் திருத்திச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்குக்கு மாறியிருந்தோம்.

அன்று பகல் முழுவதும் தம்பி பேசவில்லை. மாலையில், "அண்ணை, நாங்கள் வெயிலைப் பாக்க வரேல்லை, மலையைப் பாக்க வந்தனாங்கள்" என்றார். அடுத்த மூன்று இரவுகளுக்கான திட்டத்தை அந்த ஒரு வசனத்தின்மேல்தான் கட்டினோம்.

கடைசிக் காலை

மேடையைக் கைவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே கிங்கொங் குன்று என்று சாரதிகள் சொல்லும் இடத்தைத் தெரிவுசெய்தோம். மூன்று மலைகளும் அங்கிருந்தும் ஒரே சட்டத்துக்குள் வரும். கிழக்கைப் பார்க்க விரும்பும் கூட்டம் மேலே போய்விடும். இரண்டரைக்கே புறப்பட்டு மூன்று மணிக்கு முன் முக்காலியை ஊன்றினோம். தேநீர்க் கடைப் பக்கமே போகவில்லை. கமரா வெளிக்குளிரிலேயே இருந்தது. உதிரிப் பற்றரிகள் மூன்றும், குளிரில் வலுவிழக்காதிருக்க, சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டோடு இருந்தன. திறந்த வானத்தின் கீழ் கண்ணாடி காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்து பனி பிடிக்கும் என்பதால், லென்ஸைச் சுற்றி ஒரு கம்பளிக் காலுறையை மாட்டி, அதற்குள் சூடு தரும் சிறு பொதியொன்றைச் செருகினோம். தம்பியின் காலுறை அது. அவர் ஒற்றைக்காலில் காலுறையோடு நின்றார்.

நாலரைக்குப் பிறகு கிழக்கில் முதல் வெளிறல். 4.50க்கு, துவாரம் எஃப் 2.8, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200, 13 செக்கன் என்று எடுத்த சோதனைப் படங்களில் மலைகளின் உருவம் தெரிந்தது. ஆனால் அத்தனை செக்கனில் ப்ரோமோவின் புகை பஞ்சுத் திரளாகக் கரைந்து, புகை என்ற அடையாளமே இழந்துவிட்டது. இங்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தது. தூய்மையான படத்துக்குக் குறைந்த ஐஎஸ்ஓ வேண்டும். புகையின் சுருள் தெரிய வேண்டுமென்றால் திரை விரைவாக மூட வேண்டும். எரிமலை உயிரோடிருப்பதைச் சொல்லும் ஒரே பொருள் அந்தப் புகைதான் என்பதால், மணிமணியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று ஐஎஸ்ஓ 800ஐத் தெரிவுசெய்தேன். உதயத்துக்கு 12 நிமிடம் இருக்கையில் எஃப் 8இல் அரைச் செக்கன் போதுமானதாயிற்று. புகை நூல் நூலாக நின்றது.

மணல்வெளியில் அப்போது மூடுபனி நிறைந்திருந்தது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சுற்றுச் சுவர்களிலிருந்து வழிந்து, பெருங்குழிக்குள் தண்ணீர்போலத் தேங்கிவிடுகிறது. விளிம்பு தாழ்ந்த ஓரிடத்தில் அந்த வெண்மை மெல்ல மேவி மறுபுறம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே சொல்தான் வாயில் வந்தது: குளம் வான் பாயுது.

முதல் ஒளி செமேருவுக்குத்தான் கிடைத்தது. உயரம் கூடிய சிகரம் அடிவானத்துக்கு அப்பால் அதிகம் எட்டிப் பார்க்கிறது. ஆகவே ப்ரோமோ இன்னும் நீலத்தில் கிடக்கையில், பின்னால் நின்ற மேருவின் உச்சி மட்டும் செம்பாகப் பற்றிக்கொண்டது. இந்த நிலை ஒரு சில நிமிடமே நீடித்தது. ஐந்து படங்களையும் இந்த இடைவெளிக்குள் எடுக்க வேண்டும் என்பதே திட்டம். 100 மில்லிமீற்றர் லென்ஸ், கமரா நிமிர்த்தியபடி, எல்லாம் கைமுறை அமைப்பில், வெண்சமநிலை 5,400 கெல்வினில் பூட்டப்பட்டது, குவியம் முன்னதாகவே சரிபார்க்கப்பட்டு அசையாமல் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டது, வடிகண்ணாடி பைக்குள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிலையிலும் சரியான ஒளியளவில் ஒன்று, அதை இரண்டு படி குறைத்து ஒன்று, இரண்டு படி கூட்டி ஒன்று என மும்மூன்று படங்கள். ஐந்து நிலைகளுக்குமாகப் பதினைந்து. தம்பி முக்காலித் தலையின் பாகைக் கோடுகளைக் கைவிளக்கில் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் திருப்பினேன். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை நிமிடம்.

ஒரு நுட்பத்தை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். புகை ஓடிக்கொண்டேயிருப்பது. அது இரண்டு படங்களின் ஒட்டில் விழுந்தால், கணினி எவ்வளவு கெட்டித்தனமாக ஒட்டினாலும் புகை இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். அன்று காற்று புகையை வலப்புறமாகச் சாய்த்தது. ஆகவே ப்ரோமோவின் வாயும் சாய்ந்த புகையின் பெரும்பகுதியும் இரண்டாம் படத்துக்குள்ளேயே அடங்கும்படி தொடக்கப் பாகையை நாலு பாகை இடப்புறம் தள்ளினோம். முந்தைய மூடுண்ட காலைகளில் வேறு வேலை இல்லாமல் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி பாகைகளைத் திருப்பிப் பழகியது இதற்குத்தான் உதவியது.

இப்படி ஆறு சுற்றுகள். நான்காவது சுற்றின்போது ஒளி பத்தோக்கின் தோளில் இறங்கி, கொசுவ மடிப்புகளின் கிழக்கு முகங்களைத் தீட்டியது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வெளிச்சக் கோடும் ஒரு நிழற்கோடும் விழுந்தன. எக்ஸ்போஷர் அப்போது ஐஎஸ்ஓ 100க்குத் திரும்பி, முப்பதிலொரு செக்கனுக்கு வந்திருந்தது. செமேருவும் அதற்குள் ஒருமுறை சாம்பற்புகை கக்கி ஒத்துழைத்தது. ஆறாவது சுற்று முடிந்தபோது மூடுபனி நூலறுந்து மேலெழத் தொடங்கிவிட்டது. அதன்பின் எடுத்தவற்றில் மலைகள் மங்கி மங்கித் தெரிகின்றன.

பக்க விடயங்கள் இரண்டு

மணல்வெளிக்குள் இறங்கிய பகலில் லென்ஸை மாற்றவே கூடாது. அங்கே பறக்கும் தூசு நம் செம்மண் புழுதி அல்ல. கண்ணாடித் துணிக்கையும் கல்லும் கலந்த சாம்பல். துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரித்தான். இரப்பர்ப் பந்தால் ஊதித் தள்ளிவிட்டே துடைக்க வேண்டும்.

மற்றது எங்கள் தொழிலுக்குச் சுடும் விடயம். 2023 செப்ரெம்பர் 6 அன்று, திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு ஒன்றில் கொளுத்திய புகைக்குச்சியின் பொறி காய்ந்த புல்லில் பட்டு, ப்ரோமோ அடங்கிய தேசியப் பூங்காவின் புல்வெளி நூற்றுக்கணக்கான ஹெக்டேயர் அளவில் எரிந்தது. சோளகம் அடிக்கும் மாதங்களில் இரணைமடுப் பக்கம் வண்ணப்புகை கேட்டு வரும் சோடிகளுக்கு நாங்கள் இப்போது இல்லை என்றே சொல்கிறோம்.

கையளிப்பு

நான்காம் சுற்றுத்தான் சுவருக்குப் போயிற்று. செமேருவின் உச்சியை மட்டும் மூன்றாம் சுற்றிலிருந்து எடுத்து ஒட்டலாம், சிவப்பு இன்னும் கூடும் என்று தம்பி விரும்பினார். ஒரே நிமிடத்தின் ஒளியே படம் முழுவதும் இருக்கட்டும் என்று நான் மறுத்தேன். இதில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.

படத்தை ஏற்றி முடித்த அன்று விடுதிக்காரர் நெடுநேரம் பின்னே போயும் முன்னே வந்தும் பார்த்தார். மடிப்புகளை விரலால் தடவினார். பிறகு, "எல்லாம் சரி தம்பி, விடியற்காலை எண்டு சொன்னீங்கள், சூரியன் எங்கை?" என்று கேட்டார். அது படத்துக்கு வெளியே, இடப்பக்கம், அந்தா அந்த யன்னல் இருக்கிற இடத்தில் நிற்கிறது என்று காட்டினேன். அவர் யன்னலையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார், தலையாட்டினார். அடுத்த கிழமை, முதற்காலையின் அந்த 430 படங்களில் ஒன்றை இரண்டடிக்கு அச்சிட்டு, காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் மாட்டிக் கொடுத்தோம்.